அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எட்டாம் வகுப்பில் சான்றோடு எழுதப் பழகிய ஓர் ஆண்டு

2023 ஜூனில் பள்ளி திறந்த கையோடு எட்டாம் வகுப்புக்கு ஒரு தலைப்புக் கொடுத்தேன்: 'மாணவர்களுக்குக் கைப்பேசி தேவையா?' ஒரு பாடவேளை, ஒரு பக்கம். மாலையில் 31 தாள்களையும் வீட்டுக்கு எடுத்து வந்து திருத்த உட்கார்ந்தால், ஒரே தாளை 31 முறை படிப்பது போல இருந்தது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை. அடிக்கோடிட்ட உள்தலைப்புகள். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' பாதிக்கும் மேற்பட்ட தாள்களில். கைப்பேசி வேண்டும் என்றவர்களும் வேண்டாம் என்றவர்களும் கடைசியில் 'நல்லதை எடுத்துக்கொண்டு அல்லதை விடுவோம்' என்று ஒரே இடத்தில் வந்து நின்றார்கள்.

ஒரு தாள் சிரிக்க வைத்தது. கைப்பேசியில் வருவதை எல்லாம் நம்பக் கூடாது, ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு மாணவி நன்றாகவே எழுதியிருந்தாள். அதற்கு என்ன சான்று? 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாராம். யார் சொன்னாலும் ஆராய்ந்து பார் என்பதை, வள்ளுவர் சொன்னார் என்பதற்காக ஆராயாமல் ஏற்கச் சொல்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அப்படி எழுதப் பழக்கியது நான்தான்.

எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப்பள்ளி. ஒன்று முதல் எட்டு வரை ஒரே வளாகம். பெற்றோரில் பெரும்பாலோர் கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள். நான் தமிழாசிரியை. அந்த ஆண்டு முழுக்க இந்த 31 பேரோடு செய்த வேலையை, சறுக்கிய இடங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மேற்கோள் என்ற சொல்

பிள்ளைகளுக்குக் கருத்து இல்லை என்று சொல்ல முடியாது. இடைவேளையில் அவர்கள் போடும் சண்டையைக் கேட்டால் தெரியும். பேச வராது என்றும் சொல்ல முடியாது, பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ஆனால் பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கினால் போதும். நகைச்சுவை, ஒரு சினிமாப் பாட்டு வரி, ஒரு குறள், அம்மாவைப் பற்றி ஒரு உருக்கம்: நடுவர் மணியடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். அதையே தாளில் எழுதச் சொன்னால் கைதட்டல் கழிந்துபோய் வெறும் குறள் மட்டும் மிஞ்சுகிறது.

இதில் 'மேற்கோள்' என்ற சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று மேற்கோள் என்றால் பெரியவர்கள் சொன்னதை எடுத்துப் போடுவது. பழைய தமிழில் அதற்கு வேறொரு வேலை இருந்தது. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலில் ஒவ்வொரு சூத்திரமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து விளக்கப்படுகிறது. அங்கே மேற்கோள் என்பது இனிமேல்தான் நிறுவப்பட வேண்டிய கூற்று. ஏது அதற்கான காரணம். மணிமேகலையிலும் இதே முறை வருகிறது. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்பதற்கு நம் வீட்டு அடுக்களையே எடுத்துக்காட்டு. நிறுவ வேண்டியதைக் குறித்த சொல், நிறுவத் தேவையே இல்லாததைக் குறிக்கும் சொல்லாக எங்கள் கட்டுரை நோட்டில் தலைகீழாகிவிட்டது.

1958இல் ஸ்டீஃபன் டூல்மின் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் வாதத்தைக் கூற்று, தரவு, இரண்டையும் இணைக்கும் நியாயம் என்று பிரித்துக் காட்டினார். இப்போது பல நாடுகளில் நடுநிலை வகுப்புகளுக்குக் கூற்று, சான்று, காரணம் என்று சொல்லிக்கொடுப்பது ஏறத்தாழ அந்த வழிதான். நானும் முதலில் இந்த மூன்று சொல்லையும் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். கூற்றும் சான்றும் உடனே புரிந்தன. 'காரணம்' குழப்பியது, சான்றையே இன்னொரு முறை வேறு சொற்களில் எழுதிவைத்தார்கள்.

அந்த மூன்றாவது சொல்லுக்கு வேறு பெயர் வைத்தது வகுப்பில் ஒரு பையன். அவன் அப்பா வீட்டில் அடிக்கடி கேட்பாராம்: "அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?" அன்றிலிருந்து எங்களுக்கு அது 'சம்பந்த வரி'. சான்றை எழுதியதும் அந்தக் கேள்வியை நாமே கேட்டு, பதிலை ஒரு வரியில் எழுத வேண்டும். புகைக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம் என்றால், நெருப்பில்லாமல் புகை வராது.

பொற்கொல்லன் பேச்சும் கண்ணகி பேச்சும்

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் சிலப்பதிகாரத்தில் ஓடின. கதை எல்லோருக்கும் தெரியும் என்பது பெரிய வசதி. நான் எடுத்துக்கொண்டது இரண்டே இடங்கள்.

முதலாவது கொலைக்களக் காதை. அரசன் அனுப்பிய காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவனைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்று அவர்களுக்கே தோன்றுகிறது. அப்போது பொற்கொல்லன் ஒரு சொற்பொழிவு ஆற்றுகிறான். கள்வர்களுக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகள் உண்டு என்று அடுக்கி, ஒவ்வொன்றையும் விளக்கி, முன்பு நடந்த ஒரு திருட்டுக் கதையையும் சேர்த்துவிடுகிறான். உரைநடையில் வகுப்புக்கு வாசித்துக் காட்டியபோது பிள்ளைகள் ரசித்துக் கேட்டார்கள். பட்டிமன்றத்தில் பேசியிருந்தால் முதல் பரிசு அவனுக்குத்தான் என்றான் ஒருவன்.

"சரி, இதுல கோவலனைப் பத்தி எத்தனை வரி?"

நோட்டைப் புரட்டினார்கள். ஒருவரும் பேசவில்லை. கள்வர்களைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. கோவலன் திருடினான் என்பதற்கு ஒன்றுமில்லை. 'கள்வர்கள் திறமைசாலிகள்' என்பதற்கும் 'இவன் கள்வன்' என்பதற்கும் என்ன சம்பந்தம்? அந்த ஒரு வரி இல்லாத பேச்சுக்கு ஓர் உயிர் போனது.

இரண்டாவது இடம் வழக்குரை காதை. இதை நாங்கள் நடித்தே பார்த்தோம். தலைவிரிகோலம், அழுகை எல்லாம் வேண்டாம், வாதம் மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன். கண்ணகி அவைக்கு வருகிறாள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்கிறான் பாண்டியன். அதற்கு அவள் நீளமாகப் பதில் சொல்லவில்லை. 'என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே.' என் சிலம்புக்குள் இருக்கும் பரல் மாணிக்கம். அரசன், நீ சொன்னது நல்ல சொல் என்று ஒப்புக்கொண்டு, 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே' என்கிறான். எங்கள் சிலம்பில் இருப்பது முத்து. பிறகுதான் கோவலனிடம் எடுத்த சிலம்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். கண்ணகி உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது.

இந்த வரிசையில்தான் நான் ஒரு வாரம் நின்றேன். உடைப்பதற்கு முன்பே இரு தரப்பும் தத்தம் சிலம்பில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். எது வந்தால் யார் பக்கம் என்று ஒப்புக்கொண்ட பிறகு உடைத்ததால்தான் அது சான்று. "மொதல்லயே ஒடைச்சிருந்தா?" என்று கேட்டேன். ஒரு மாணவி சட்டென்று சொன்னாள்: "ராஜா எங்க சிலம்புலயும் மாணிக்கந்தான்னு சொல்லிருப்பாரு டீச்சர்." பாண்டியன் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் அவள் பிடித்த இடம் சரி.

அதன் பிறகு எனக்கே எதிர்பாராத ஒன்று நடந்தது. கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத ஒரு பையன். "டீச்சர், அது ராணி சிலம்பு இல்லைன்னுதான தெரியுது. கோவலன் திருடலைன்னு எப்பிடித் தெரியும்? ராணி சிலம்பு எங்க போச்சு?" வகுப்பே அவன் மேல் பாய்ந்தது. கோவலனைத் திருடன் என்கிறானே என்று ஒரே கூச்சல். அவனுக்கு முகம் சிறுத்துவிட்டது. நான் அவர்களை அடக்கிவிட்டு அவன் சொன்னதைக் கரும்பலகையில் எழுதினேன், ஏனென்றால் அது உண்மை. மாணிக்கப் பரல் நிறுவுவது ஒன்றைத்தான்: இந்தச் சிலம்பு அரசியினுடையது அல்ல. உண்மையான கள்ளன் யார் என்பதை அது சொல்லாது. அது கதை படிக்கும் நமக்குத்தான் தெரியும், அந்த அவையில் இருந்தவர்களுக்குத் தெரியாது. ஆனால் கோவலன் மீதிருந்த குற்றச்சாட்டு இந்தச் சிலம்பை மட்டுமே நம்பி நின்றது. அது விழுந்ததும் குற்றச்சாட்டும் விழுந்தது. அவன் கள்வன் என்று காட்ட வேண்டிய பொறுப்பு கொன்றவனுடையது.

இதை எழுதச் சொன்னபோது 31 பேரில் 12 பேர் சம்பந்த வரியைச் சரியாக எழுதினார்கள். மற்றவர்கள் 'கண்ணகி கற்புக்கரசி, எனவே பொய் சொல்லமாட்டாள்' என்ற ரீதியில் முடித்திருந்தார்கள். அது சான்று ஆகாது என்று சொல்ல எனக்கே கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது. அவளே தன் கற்பைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, சிலம்பைத்தான் உடைத்தாள் என்று சொன்னபோது ஏற்றுக்கொண்டார்கள்.

எவ்வளவு பெரிதாகச் சொல்லலாம்

செப்டம்பரில் கீழடி. எங்கள் மாவட்டம் என்பதால் பிள்ளைகளுக்கு அதில் பெருமை அதிகம். பெருமை இருக்கும் இடத்தில் சான்றைவிடக் கூற்று ஊதிப்போகும். 'கீழடியில் வாழ்ந்த எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது' என்று எழுதினார்கள். நான்காம் கட்ட அகழாய்வில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 56 கிடைத்தன. 'ஆதன்' போன்ற பெயர்கள் அவற்றில் இருந்தன. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 என்று வந்தது. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன சொல்லலாம் என்று கேட்டேன்.

இங்கே தமிழே கைகொடுத்தது. ஒரே வினையை மூன்று படிகளில் எழுதிப் போட்டேன்: தெரிந்திருக்கலாம், தெரிந்திருக்க வேண்டும், தெரிந்திருந்தது. ஓட்டில் எழுத்து இருக்கிறது, எனவே எழுதத் தெரிந்தவர் சிலராவது அங்கே இருந்திருக்க வேண்டும். பெயரை எழுதியவர்கள் பானை செய்தவர்களாகவோ வாங்கியவர்களாகவோ இருந்திருக்கலாம். 'எல்லோருக்கும்' என்று சொல்ல ஓடு போதாது. 'சிலராவது' என்ற சொல்லில் இருக்கும் 'ஆவது' எவ்வளவு வேலை செய்கிறது என்று அன்றுதான் நானும் கவனித்தேன். அடைமொழியைக் கூட்டக் கூட்டக் கட்டுரை வலுக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள், ஒரு சொல்லைக் குறைத்தால் வாதம் வலுப்பதைப் பார்த்தார்கள்.

அந்தக் கால எண்ணிலும் ஒரு சிக்கல். ஓடும் கரியும் ஒரே மண்ணடுக்கில் கிடைத்தனவா என்று தெரியாமல் கரியின் வயதை ஓட்டுக்குக் கொடுக்க முடியாது. இதையும் சொன்னேன். ஆனால் மண்ணடுக்கு பற்றி அவர்களுக்குப் பாடம் நடந்திருக்கவில்லை, பாதிப் பேர் தொலைந்துபோனார்கள். அதை அந்த வாரம் எடுத்திருக்கவே கூடாது.

காலைச் சாப்பாடு

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். எங்களைப் போன்ற நடுநிலைப்பள்ளியில் இதை நேரில் பார்க்க வேண்டும். காலையில் தம்பி தங்கைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து பொங்கலோ கிச்சடியோ சாப்பிடுவார்கள். வாசம் எட்டாம் வகுப்பு வரைக்கும் வரும். அண்ணன் அக்காக்கள் பார்த்துக்கொண்டே உள்ளே போவார்கள்.

'எங்களுக்கும் வேண்டும்' என்ற தலைப்பை அவர்களேதான் கேட்டார்கள். கட்டுரையாக வேண்டாம், மனுவாக எழுதுங்கள் என்றேன். மனு எழுத வராத ஊரா இது? 'பொருள்:' என்று போட்டு, 'ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று முடிக்க எல்லோருக்கும் தெரியும். நடுவில்தான் காற்று. முதல் வரைவின் முதல் வரி: 'எங்கள் பள்ளியில் எல்லா மாணவர்களும் பசியோடு வருகிறோம்.'

"எல்லாருமா?" என்று வகுப்பே கேட்டது. கீழடிக்குப் பலன் இருந்தது.

எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். கை தூக்கச் சொல்லலாமா என்று ஒருத்தி கேட்டாள், நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருத்தி வேண்டாம் என்றாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சீட்டு எழுதி மூடிய டப்பாவில் போடுவது என்று முடிவானது. பெயர் வேண்டாம். சாப்பிட்டேன், டீயும் பிஸ்கட்டும் மட்டும், ஒன்றுமில்லை: மூன்றில் ஒன்றுக்கு டிக் அடிக்க வேண்டும். முதல் திங்கட்கிழமை எங்கள் வகுப்பில் 'ஒன்றுமில்லை' 9 சீட்டு வந்தது. மனுவில் எழுதப் போனார்கள். சிலம்பு பற்றிக் கேட்ட அதே பையன் மறுபடி குறுக்கே விழுந்தான்: "ஒரு நாள்தான எண்ணுனோம்?" வியாழக்கிழமை மறுபடி எண்ணியபோது 5. அடுத்த வாரம் புதன்கிழமை 7. எந்த எண்ணைப் போடுவது? பெரிய எண்ணைப் போடுவோம் என்று ஒரு கட்சி. கடைசியில் மூன்றையும் தேதியோடு போடுவது என்று முடிந்தது.

இதைவிடப் பெரிய திருப்பம் சம்பந்த வரியில் வந்தது. 'ஒன்றுமில்லை என்று இத்தனை பேர் எழுதினார்கள். ஏனென்றால் எங்கள் வீடுகளில் வறுமை' என்று எழுதியிருந்தார்கள். சாப்பிடாததற்கும் வறுமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஒரு பெண்ணுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க வீட்டுல அரிசி இருக்கு டீச்சர். அம்மா ஆறு மணிக்கே வேலைக்குப் போயிரும். நான் தம்பியக் குளிப்பாட்டிக் கெளப்பி விடணும். எனக்குச் சாப்பிட நேரமில்ல." எனவே சீட்டில் இரண்டாவது கேள்வியும் சேர்ந்தது: ஏன்? சமைக்கவில்லை, நேரமில்லை, பிடிக்கவில்லை. அதிகம் வந்தது 'நேரமில்லை'. அடுத்தது 'சமைக்கவில்லை'.

கூற்றே மாறியது. பசியோடு வரும் ஏழைப் பிள்ளைகள் என்பது போய், பெற்றோர் விடியுமுன் வேலைக்குப் போகும் வீடுகளில் பெரிய பிள்ளைதான் காலையில் வீட்டைப் பார்க்கிறது, அதனால் அதன் சாப்பாடு தவறுகிறது என்று வந்தது. சம்பந்த வரியும் தானாக அமைந்தது: பள்ளியிலேயே சாப்பாடு கிடைத்தால் வீட்டில் நேரமில்லாதது தடையாக இருக்காது. முதல் வரைவு இரக்கத்தைக் கேட்டது. இது கணக்கைக் காட்டியது. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் மனுவை வாசித்த ஒரு சக ஆசிரியர், முதலாவதுதான் மனதைத் தொடுகிறது என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

எதிர்த் தரப்பையும் எழுத வேண்டும், அதுவும் எதிராளி படித்தால் ஒப்புக்கொள்ளும்படி எழுத வேண்டும் என்பது நிபந்தனை. ஒருவன் எழுதியதை அப்படியே மனுவில் சேர்த்தார்கள்: 'பணம் குறைவாக இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அது சரிதான். ஆனால் எங்கள் பள்ளியில் அடுப்பும் பாத்திரமும் சமைக்கும் அக்காவும் ஏற்கெனவே இருக்கிறார்கள். கூடுதலாக வேண்டியது அரிசியும் ரவையும்தான்.' சமைக்கும் அக்காவுக்குக் கூடுதல் வேலை, கூடுதல் சம்பளம் வேண்டாமா என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அப்போது தோன்றவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு அவரிடமே காட்டப் போனபோது அவர்தான் சிரித்துக்கொண்டே கேட்டார். அந்த வரியைத் திருத்தினோம்.

2024 ஜனவரி 26 கிராம சபையில் இரண்டு மாணவிகள் மனுவை வாசித்தார்கள். கூட்டத்தில் ஒருவர், இந்த எண்ணிக்கையை யார் எடுத்தது, டீச்சர் எழுதிக் கொடுத்ததா என்று கேட்டார். "நாங்கதான் மாமா எண்ணுனோம். சீட்டு இருக்கு" என்று அவர்களில் ஒருத்தி ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தாள். அவர் இரண்டு சீட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தார். மனு பெற்றுக்கொள்ளப்பட்டது. பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை பதில் வரவில்லை. இது அரசின் திட்டம், ஊராட்சி முடிவு செய்யக்கூடியதில்லை என்று முன்பே சொல்லித்தான் அழைத்துப் போயிருந்தேன். இருந்தாலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஆண்டுத் தேர்வு

ஏப்ரலில் தேர்வு. கட்டுரைத் தலைப்பு 'மரம் வளர்ப்போம்'. 31 தாளிலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. சம்பந்த வரி எழுதியிருந்தவர்கள் 4 பேர். மதிப்பெண் உள்தலைப்புக்கும் மேற்கோளுக்கும் இருக்கும்போது பிள்ளைகள் வேறு எதை எழுதுவார்கள்? திட்டமிடும்போதே நான் யோசித்திருக்க வேண்டியது இது. இரண்டு வகை எழுத்தையும் தனித்தனியாகப் பெயர் வைத்துப் பழக்காமல், கட்டுரை என்றாலே இனி இப்படித்தான் என்று நானாக நினைத்துக்கொண்டுவிட்டேன்.

முதல் நாள் வள்ளுவரைச் சாட்சிக்கு அழைத்தவளின் தாளைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். மூன்று உள்தலைப்பு, 'மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்', ஒரு குறள். பொருளுரையில் ஒரு வரியை எழுதி, ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடாக அடித்திருந்தாள். அடியில் இருந்ததைப் படிக்க முடிந்தது: 'எங்கள் தெருவில் வேப்ப மரம் இருக்கும் வீட்டுத் திண்ணையில் மதியம் 6 பேர் உட்கார்ந்திருந்தார்கள், மரம் இல்லாத திண்ணையில் யாரும் இல்லை, ஏனென்றால்'. அதோடு நின்றிருந்தது. தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏன் அடித்தாய் என்று கேட்டேன்.

"இதெல்லாம் கட்டுரைல வருமான்னு சந்தேகமாப் போச்சு டீச்சர்."